வடகாட்டு நறுமணமும் நம் நாட்டு மண்மணமும்

மக்கட்கு வாய்த்த ஐம்பொறிகளுள் பெரிதும் புறக்கணிக்கப்பட்டது மூக்கேயாம். கண்ணுக்கு ஓவியமும், செவிக்கு இசையும், நாவிற்கு அறுசுவை உண்டியும் கலைகளாக வளர்ந்துள்ளன. மூக்கிற்கென ஒரு கலை உண்டோ என்று வினவின், நம்மவருட் பலர் நகைப்பர். பண்டைத் தமிழில் ‘நாற்றம்’ என்னுஞ் சொல் நறுமணத்தைக் குறிக்கவும் வழங்கிற்று. இன்றோ ஒரு வீட்டினுள் நுழைந்து, ‘இங்கே நாற்றம் வீசுகின்றது’ என்போமாயின், அவ்வீட்டார் நம்மை மறுமுறை அழையார். சொல் இழிந்ததற்குச் சொல்லின்மேற் குற்றமில்லை. அதனை வழங்கும் மக்கள் நன்மணத்தைப் பற்றிப் பேசுவதை விடுத்துத் தீமணத்தைப் பற்றியே பேசத் தலைப்பட்டனர் என்று கொள்ள இடமுண்டு.

இவ்வெண்ணம் எமக்கு எழுந்தது ஒரு சிறு பெட்டியினால். நம் கல்லூரியிற் பயின்று, இதுபோழ்து ஒரகடத்தில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையிற் பொறியாளராய் இருக்கும் பழைய மாணவரொருவர், சென்ற மார்கழியில் எம்மைக் காண வந்தார். அலுவல் பற்றி ஜப்பான் சென்று மீண்டவர், ஒரு சாண் நீளமுள்ள மரப்பெட்டியொன்றை எம் மேசைமேல் வைத்தார். அதனுள் மெல்லிய ஊதுவத்திகள் அடுக்கியிருந்தன. நம்மூர் வத்திகளைப்போல அவற்றுக்கு உள்ளே மூங்கிற்குச்சி இல்லை, முழுதும் மணப்பொடியே. கையினாற் செய்யப்பட்டவை என்றும், ஜப்பானின் வடகோடியிலுள்ள ஹொக்கைடோத் தீவின் காடுகளை நினைந்து அமைக்கப்பட்ட மணம் என்றும் பெட்டியின்மேல் எழுதியிருந்ததை அவர் படித்துப் பொருள் கூறினார். “ஐயா, இதனை முகர்தல் என்று அந்நாட்டார் சொல்வதில்லை, மணத்தைக் கேட்டல் என்றே சொல்கின்றனர். சற்றே அமைதியாய் இருந்து கேளுங்கள்” என்று கூறி ஒன்றனை ஏற்றிவைத்தார்.

முதலில் மரப்பிசினின் மணமும், பின்னர் ஈரப்பாசியின் மணமும், அதன்பின் குளிர்ந்த மண்ணின் மணமும் எழுந்தன. மறுநாள் அப்பெட்டியை வகுப்பறைக்குக் கொண்டுசென்று, சாளரங்களைத் திறந்துவைத்து, ஒரு வத்தியை ஏற்றினோம். “பென்சில் சீவிய மணம், ஐயா” என்றான் ஒருவன், யாவரும் நகைத்தனர். ஜவ்வாது மலையிலிருந்து வந்த மாணவனொருவன் மட்டும் நகையாது, “எங்கள் ஊரில் மழை விட்டபின் காட்டுக்குள் போனால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், ஐயா” என்றான். “உங்கள் ஊருக்கு என்ன மணம்?” என்று ஏனையோரையும் வினவினோம். “மோட்டார்ப் புகை” என்றான் ஒருவன். “சாக்கடை” என்றான் மற்றொருவன். நெடுநேரம் கழித்து, மறைமலை நகரிலிருந்து நாடோறும் இரயிலேறி வரும் மாணவியொருத்தி, “முதல் மழைக்கு எங்கள் ஏரிக்கரை மணக்கும், ஐயா, ஆனால் ஏரியிற் பாதி இப்போது இல்லை” என்றாள். அன்று பாடம் நடவாது மணியடித்தது. அம்மறுமொழியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

யாம் ஈண்டுக் கூறப்புகுவது இதுவே: ஒரு நிலத்தின் மணத்தை அறிதலும் அந்நிலத்தைக் காத்தலும் ஒரே செயலின் இரு கூறுகளாம். தொழிற்சாலைகளின் வாயிலாக நம் அண்டைவீட்டாராய் வந்துள்ள ஜப்பானியரிடம் நாம் கற்கவேண்டுவது பொறித்தொழில் மட்டுமன்று, இம்மணவுணர்ச்சியுமாம். அதனைக் கற்பதற்கு வேண்டுவனவெல்லாம் நம்மிடமே முன்பு இருந்தன என்பதையும் நாம் மறந்திருக்கின்றோம்.

ஜப்பானியர்க்கு இக்கலை வந்த வரலாறு சுவையுடையது. கி.பி. 595-இல் அவாஜி என்னுந் தீவின் கரையில் ஒரு பெருங்கட்டை ஒதுங்கியதென்றும், அத்தீவினர் அதனை விறகென்றெண்ணி அடுப்பிலிட, எழுந்த நறும்புகை கண்டு வியந்து அரசிக்குக் காணிக்கையாக்கினர் என்றும், 720-இல் முற்றுப்பெற்ற ‘நிஹோன் ஷோகி’ என்னும் அந்நாட்டு வரலாற்று நூல் கூறுகின்றது. அஃது அகிற்கட்டை. அகில் ஜப்பானில் விளைவதன்று. தென்கிழக்காசியக் காடுகளில் விளைவது. தென்னிந்தியாவிலிருந்து சென்ற போதிசேனர் என்னுந் துறவி 736-இல் ஜப்பானை அடைந்து, 752-இல் நாரா நகரத்துப் பெரும் புத்தர் படிமத்திற்குக் கண் திறக்குஞ் சடங்கை நடத்தினார். இங்ஙனம் சமயத்தோடும் கடல்வாணிகத்தோடும் சென்ற மணப்பொருள்கள் அங்கே நாளடைவில் ஒரு கலைக்கு முதலாயின. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முரசாகி ஷிகிபு என்னும் பெண்மணியார் எழுதிய ‘கென்ஜி கதை’யில், அரசவையோர் தாமே பொடிகளைக் கலந்து, எவர் கலவை சிறந்ததென்று போட்டியிட்ட செய்தி வருகின்றது. வேனிலுக்கொரு கலவை, கார்காலத்திற்கொரு கலவை என்னும் முறையும் அக்காலத்ததே. ஆதலின் ஒரு காட்டினை நினைந்து மணம் அமைத்தல் இன்றைய வணிகர் புதிதாகக் கண்ட சூழ்ச்சியன்று. ஆயிரம் ஆண்டுப் பழக்கத்தின் தொடர்ச்சியாம்.

அகில் ஒதுங்கிய அதே அவாஜித் தீவில் 1850-ஆம் ஆண்டு முதல் ஊதுவத்தித் தொழில் நடைபெறுகின்றது. பனிக்காலத்தில் வீசும் கடுமையான மேல்காற்றினால் மரக்கலஞ் செலுத்த இயலாத கடலோரக் குடும்பத்தார், அக்காற்றையே துணையாகக் கொண்டு வத்திகளை உலர்த்தக் கற்றனர். இன்று ஜப்பானிற் செய்யப்படும் ஊதுவத்தியில் ஏறத்தாழ 70 விழுக்காடு அத்தீவிலிருந்தே வருகின்றது. செய்முறை கேட்பதற்கு எளிது. ‘தபு’ என்னும் மரத்தின் பட்டைப்பொடி பிசின்போற் பற்றுந் தன்மையது. அதனொடு சந்தனம், அகில், கிராம்பு, இலவங்கம், அன்னாசிப்பூ முதலியவற்றின் பொடிகளைச் சேர்த்து, வெந்நீர் விட்டுப் பிசைந்து, இடியாப்பம் பிழிவதுபோல் அச்சிற் பிழிந்து, பலகைமேற் பரப்பி, நேர்செய்து, வெட்டி, நிழலிற் பல நாள் உலர்த்துவர். விரைவில் உலர்ந்தால் வத்தி வளையும். மிகத் தாழ்த்தினால் பூஞ்சை பிடிக்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நேரத்தைக் காத்திருந்து அறிதலே அத்தொழிலாளரின் புலமை.

இனி, அச்சரக்குகளை உற்று நோக்குவோம். சந்தனம் நம்முடையது. மைசூர்ப் பக்கத்து முதிர்ந்த சந்தனத்தை ஜப்பானிய வணிகர் ‘ரோசான்’ என்று தனிப்பெயரிட்டு, ஏனைய நாட்டுச் சந்தனத்தினும் உயர்வாக மதிப்பர். ‘பழைய மலை’ என்பது அவ்வெழுத்துக்களின் பொருள். கிராம்பும் இலவங்கமும் நம் கடல் வாணிகர் தொன்றுதொட்டுக் கையாண்டவை. தபு மரத்தின் இனத்தைச் சேர்ந்த மரமொன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்கின்றது. அதன் பட்டைப்பொடியே ‘ஜிகட்’ என்னும் பெயரால் நம் நாட்டு ஊதுவத்திக்குப் பசையாகின்றது. எம் மேசைமேல் வந்த பெட்டியின் சரக்குப் பட்டியலிலும் சந்தனம் இடம்பெற்றிருந்தது. அஃதாவது, வடதுருவத்தை நோக்கிய ஒரு காட்டின் மணத்தைத் தாங்கி நிற்பது தென்னாட்டு மரமொன்றன் வயிரமே. இதனால் ஜப்பானியர் பெருமை குறையாது. நம்மிடமிருந்து சென்ற பொருள் அங்கே மதிப்புப் பெற்றிருக்க, இங்கே நாம் அதனை என்ன செய்தோம் என்னும் வினாவே எழும்.

முன்னோர் இவ்வகையில் மூக்கில்லாதவர் அல்லர். நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடையிற் கூதிர்க்காலத்து மாநகரம் காட்டப்படுகின்றது. வாடைக்காற்று வடக்கிலிருந்து வீசும் அக்குளிரில், வடநாட்டார் தந்த சந்தனம் அரைக்கும் வட்டக்கல்லும் தென்றிசைச் சந்தனமும் பயன்படாது கிடக்கின்றன. மகளிர் நெருப்பமைத்து அகிலையும் வெள்ளயிரையும் புகைக்கின்றனர். வெப்பத்திற்குச் சந்தனம், குளிருக்கு அகில் என்னும் பருவமுறை ஜப்பானிய அரசவைக்குச் சில நூற்றாண்டுகள் முன்னரே தமிழகத்தில் வழங்கிற்று என்பது இதனால் விளங்கும். சிலப்பதிகாரத்தில் மாதவி நீராடிய நன்னீரில் பத்துத் துவரும், ஐந்து விரையும், முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறியிருந்தன என இளங்கோவடிகள் எண்ணிட்டுக் கூறுகின்றார். மணப்பொருளை எண்ணிட்டு வகுத்த மக்கள் அதனை ஒரு கல்வியாகவே கொண்டிருந்தனர் என்பதில் ஐயமென்னை? இன்று பட்டம்பெற்ற நம் இளைஞருள் அவ்வைந்து விரையின் பெயரையேனும் சொல்ல வல்லார் எத்துணையர்?

நிற்க. இக்காலத்து நம் ஊதுவத்தியின் நிலையைக் காண்போம். கடைகளிற் கிடைக்கும் வத்திகளுட் பெரும்பாலானவை கரித்தூளையும் ஜிகட்டையும் மூங்கிற்குச்சியின்மேல் உருட்டி, மணமில்லா வெறுவத்தியாக உலர்த்தி, பின்னர் வேதிப்பொருளாலாகிய மணத்தைலத்தில் தோய்த்தெடுக்கப்பட்டவை. ஒரே வெறுவத்தி ஒரு தைலத்தில் தோய்ந்தால் மல்லிகை. மற்றொன்றில் தோய்ந்தால் சந்தனம். அக்குச்சியும் வத்தியுங்கூட வியட்நாமிலிருந்தும் சீனத்திலிருந்தும் பெருவாரியாக வந்து குவிந்தமையால், இந்திய அரசினர் 2019-இல் ஊதுவத்தி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்து, 2020-இல் மூங்கிற்குச்சியின்மேலுள்ள தீர்வையை 10 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடாக உயர்த்தினர். மூங்கிலும் சந்தனமும் செழித்த நாடு, தெய்வத்தின்முன் ஏற்றும் வத்திக்குப் பிறநாட்டுக் குச்சியை எதிர்நோக்கியிருந்தது என்பதைச் சொல்லவே நாணமாயிருக்கின்றது.

இவ்விடத்தில் ஒரு வினாவை நேர்மையோடு எழுப்புதல் வேண்டும். ஜப்பானியப் பெட்டியின்மேல் ‘கையினாற் செய்யப்பட்டது’ என்று எழுதினால் அதன் விலை ஏறுகின்றது. நம் நாட்டிலும் எண்ணிறந்த பெண்கள் தம் வீட்டுத் திண்ணையிலமர்ந்து கையினாலேயே வத்தி உருட்டி வந்துள்ளனர். இன்றும் பலர் உருட்டுகின்றனர். அவர்க்கு ஆயிரம் வத்திக்கு இத்துணை என்று எண்ணிக் கொடுக்கப்படும் கூலியோ மிகச் சிறிது. ஒரே கைவேலை ஓரிடத்திற் கலையாகவும், மற்றோரிடத்தில் வெறுங்கூலியாகவும் மதிக்கப்படுவது எதனால்? கையில் வேற்றுமையில்லை. பொருளின் உண்மையிலும், வாங்குவோன் பொறுமையிலும், செய்தவர் திறத்திற்குத் தரும் மதிப்பிலுமே வேற்றுமையுளது. ஜப்பானிலும் மலிவான செயற்கை வத்திகள் உண்டு. அவற்றை யாம் மறைக்கவில்லை. ஆயினும் உயர்ந்ததென்பது இன்னதென அங்கே ஓர் அளவை உண்டு. அதனை அறிந்து கேட்டு வாங்குவோரும் உளர். நம் நாட்டில் அவ்வளவை அழிந்துவிட்டமையால், திறமையுள்ள கையும் திறமையற்ற கையும் ஒரே கூலி பெறுகின்றன. ஆதலின் நன்மணத்தை அறியும் மூக்குடையார் பெருகுதல் செல்வர்க்கு மட்டும் உரிய இன்பமன்று. ஏழைப் பெண்டிர் கூலி உயர்வதற்கும் அதுவே வழியாகும்.

சந்தன மரத்தின் வரலாறு இதனினும் பெரிய பாடத்தைப் புகட்டும். அம்மரம் தனித்து வாழாதது. அயலிலுள்ள செடிமரங்களின் வேரைத் தன் வேராற் பற்றி, அவற்றின் சாரத்தில் ஒரு பகுதி கொண்டே வளர்வது. வயிரமேறிப் பயன்தர இருபது முப்பது ஆண்டுகள் வேண்டும். 1792-இல் திப்பு சுல்தான் அதனை அரசமரபுக்குரிய மரமென ஆக்கினார். பின் வந்த ஆட்சிகளும், தனியார் நிலத்தில் முளைத்தாலும் சந்தனம் அரசுக்கே உரியதென வைத்திருந்தன. விளைவு யாது? தன் வரப்பில் ஒரு சந்தனக் கன்று முளைப்பதைக் கண்ட உழவன், நாளை வழக்கு வருமென்றஞ்சி அதனைக் கிள்ளியெறிந்தான். காட்டிலிருந்தவற்றையோ திருடர் வெட்டினர். 1998-இல் உலக இயற்கைக் காப்பு ஒன்றியம் சந்தனத்தை அழிவுக்கு இலக்காகக்கூடிய இனங்களுட் சேர்த்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கருநாடகமும் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தி, நிலத்துக்குரியவனையே மரத்துக்கும் உரியவனாக்கின. உரிமையும் அன்பும் இல்லாதவிடத்துக் காவல் மட்டும் ஒரு மரத்தைக் காவாது என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டா.

‘வடகாடு’ என்று பெட்டியின்மேல் எழுதிய சொல்லும் ஆராய்ச்சிக்குரியது. ஹொக்கைடோ 1869 வரை ‘எஸோ’ என்றழைக்கப்பட்டது. ஊசியிலை மரங்களும் உறைபனியும் நிறைந்த அத்தீவு ஆளில்லாக் காடன்று. ஐனு என்னும் பழங்குடியினர் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் நாடு. குடியேற்றத்தின் பெயரால் அவர்தம் நிலமும், மீன்பிடி உரிமையும், மொழியும் நலிவுற்றன. 2019-இல்தான் ஜப்பானியச் சட்டம் ஒன்று அவர்களைப் பழங்குடி மக்களென வெளிப்படையாக ஏற்றது. ஒரு காட்டின் மணத்தைப் புகழ்வோர், அக்காட்டின் ஒவ்வொரு மரத்திற்கும் முதலிற் பெயரிட்ட மக்களை மறத்தல் அறமாகாது. இது நமக்கும் பொருந்தும். செங்கற்பட்டு நாட்டின் புதர்க்காடுகளை வேர்வேராக அறிந்தவர் இருளர். நன்னாரி எங்குளது, கோரைக்கிழங்கு எப்போது மணக்கும் என்பன அவர்க்குக் கைவந்த கல்வி. தண்டரையில் இயங்கிவரும் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கத்தார் மூலிகைச் செடிகளை வளர்த்தும் பக்குவப்படுத்தியும் வருதல் பாராட்டற்குரியது. நம் நிலத்தின் மணத்தைக் கலையாக்கும் நாள் வருமாயின், அவர்கள் கூலியாட்களாயன்றி ஆசிரியராய் அமர்தல் வேண்டும்.

இனி மறைமலை நகருக்கு வருவோம். சென்னையின் நெருக்கத்தைக் குறைத்தற்பொருட்டு 1980-ஆம் ஆண்டையொட்டி உருவாக்கப்பட்ட அத்துணைநகரம், மறைமலையடிகளின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அடிகளார் 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் தமிழாசிரியராயிருந்தார் என்பதை நம் மாணவர் அறிவர். அக்காலத்தே, 1903-இல், அவர் முல்லைப்பாட்டிற்கு ஆராய்ச்சியுரை வெளியிட்டார். முல்லை என்பது காடும் காடு சார்ந்த இடமுமாம். அதற்குரிய பொழுது கார்காலமும் மாலையும். அதற்குரிய ஒழுக்கம் இருத்தல், அஃதாவது ஆற்றியிருந்து காத்திருத்தல். காட்டின் மணத்தையும் காத்திருத்தலின் மாண்பையும் இளைஞர்க்கு உரைத்த ஒருவர் பெயரை, இன்று இரவு பகலாய்ப் பொறிகள் முழங்கும் ஊர் ஒன்று தாங்குகின்றது. யாம் அத்தொழிற்சாலைகளைப் பழித்தோமல்லோம். அவை பல்லாயிரம் குடும்பங்கட்குச் சோறிடுகின்றன. நம் பழைய மாணவர் பலர் அங்கே மதிப்போடு வாழ்கின்றனர். ஆயினும் அவை நிலைபெற்றன அல்ல. மறைமலை நகரிற் கால் நூற்றாண்டு இயங்கிய ஃபோர்டு தொழிற்சாலை 2022-இல் மோட்டார் வண்டி செய்தலை நிறுத்தியதை யாவரும் கண்டோம். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014-இல் மூடப்பட்டது. தொழிற்சாலை வரும், போகும்; ஏரி போயிற்றென்றால் மீள்வது அரிது.

‘சோற்றுக்கு வழிதேடும் நாட்டில் ஏரிமண்ணின் மணத்தைப் பற்றிப் பேசுவது வீண் அன்றோ?’ என்பார் சிலர். அவர்க்கு இரண்டு மறுமொழி கூறுவோம். முதலாவது, மணம் பொருளீட்டும். உத்தரப் பிரதேசத்துக் கன்னோசி நகரில், சுட்ட மண்ணைச் செம்புப் பானையிலிட்டு வடித்து, அதன் ஆவியைச் சந்தனத் தைலத்தில் ஏற்று, முதல் மழையின் மணத்தைக் குப்பியில் அடைக்கின்றனர்; ‘மிட்டி அத்தர்’ என்பது அதன் பெயர். 1964-இல் ஆஸ்திரேலிய அறிஞர் இருவர் மழைமணத்தை ஆராய்ந்து அதற்கு ‘பெட்ரிகோர்’ என்று பெயரிடுமுன்பே நம் நாட்டுத் தொழிலாளர் அதனை விற்றுவந்தனர். இரண்டாவது, மணம் ஒரு நிலத்தின் நாடி. ஏரியில் தூய நீரும் உயிருள்ள மண்ணும் இருந்தாலன்றி அது மணக்காது. முதல் மழையில் மண் மணக்கவில்லையென்றால், அங்கே மண்ணுக்கு மேல் கற்காரை பரவிவிட்டது என்றோ, கழிவுநீர் கலந்துவிட்டது என்றோ அறியலாம். கருவி வாங்கிப் பார்க்குமுன் மூக்கே அதனைச் சொல்லும்.

‘காட்டின் மணத்தை வத்தியில் அடைப்பது போலியன்றோ? காட்டை அழித்துவிட்டு அதன் மணத்தை விற்பார்க்கு இது துணையாகாதோ?’ என்பார் வேறு சிலர். இவ்வச்சம் பொருளுடையது. இதற்கு ஹொக்கைடோவே சான்று தருகின்றது. அங்குள்ள கிதாமி என்னும் ஊர் 1930-களில் உலகத்துப் புதினாத் தைலத்திற் பெரும்பங்கு விளைத்தது. பின்னர்ச் செயற்கைப் பொருளும் பிறநாட்டு மலிவும் வந்து அத்தொழிலை வீழ்த்த, 1983-இல் அங்குள்ள ஆலை மூடப்பட்டது. அவ்வினப் புதினாவே இந்தியாவிற்கு வந்து, இன்று உத்தரப் பிரதேசத்து வயல்களிற் பெருக விளைகின்றது. ஆயினும் கிதாமி மக்கள் தம் மணத்தை மறந்தாரல்லர். ஜப்பானியச் சூழ்நிலை அமைச்சகம் 2001-இல் நாடெங்கும் காக்கத்தக்க ‘மணக்காட்சிகள்’ 100 எனத் தெரிந்தெடுத்தபோது, கிதாமியின் புதினாவும் புரானோவின் லாவெண்டர் வயலும் அவற்றுள் இடம்பெற்றன. வாணிகம் போனபின்னும் மணத்தை ஊர்ப்பொதுச் செல்வமாகக் காக்கும் உள்ளமே போலிக்கும் உண்மைக்கும் இடையேயுள்ள எல்லை. அவ்வுள்ளமின்றி வத்தி மட்டும் செய்வோமாயின், அஃது இறந்தவன் படத்திற்கு மாலையிடுதலை ஒக்கும்.

ஆதலின் நம் மாணவர்க்கு யாம் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். அரசினர் ஆணைக்கோ, செல்வர் நன்கொடைக்கோ காத்திராமல், தாம்பரம் முதல் செங்கற்பட்டு வரையிலும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடம் வழியாய் ஸ்ரீபெரும்புதூர் வரையிலும் உள்ள நம் நாட்டின் மணங்களுக்கு ஒரு பதிவேடு எழுதத் தொடங்குக. பங்குனியில் வேப்பம்பூ மணக்குந் தெரு எது? தாழம்பூ இன்னும் நிற்கும் ஓடை எது? மகிழ மரமும் இலுப்பை மரமும் எங்கெங்கே எஞ்சியுள்ளன? பனம்பழம் சுடும் மணம் எந்த ஊரில் எழும்? கோயிலிற் குங்கிலியமும், தேவாலயத்தில் தூபமும், தர்காவிற் சாம்பிராணியும் மணக்கும் மாலைப்பொழுதுகள் எவை? எந்த ஏரிக்கரை முதல் மழைக்கு மணக்கின்றது; எது மணப்பதை நிறுத்திவிட்டது? இவற்றை நாளும் இடமும் குறித்து எழுதுக. தாவரநூல் பயில்வோர் பெயர் காண்க. வேதிநூல் பயில்வோர் காரணம் காண்க. தமிழ் பயில்வோர் அவற்றிற்குப் பழைய சொல் உண்டோ எனத் தேடுக. நூறு எழுதிமுடித்தால், அப்பதிவேட்டை ஊராட்சியிலும் நகராட்சியிலும் கொடுத்து, ‘இவற்றைக் காத்துத் தருக’ என்று கேட்கலாம். பெயரில்லாத ஒன்றை எவராலும் காத்தல் இயலாது.

தொழிற்சாலைகளிற் பணியாற்றும் பழைய மாணவர்க்கும் ஒரு சொல். உங்கள் ஜப்பானிய நண்பர் உங்களுக்கு ஓர் ஊதுவத்திப் பெட்டியைத் தரும்போது, கைம்மாறாக நீங்கள் என்ன தருகின்றீர்கள்? செயற்கைத் தைலத்தில் தோய்த்த வத்தியைத் தருதல் நமக்குப் பெருமையாகாது. ஒரு விடுமுறை நாளில், முதல் மழை பெய்தவுடன், அவரை ஓர் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று, ‘இதனைக் கேளுங்கள்’ என்று சொல்லக்கூடிய நிலை இருக்குமாயின், அதுவே சிறந்த கைம்மாறு. அவ்வேரிக்கரை அதுவரை உயிரோடிருத்தல் நம் கையில் உள்ளது.

எம் மேசைமேலுள்ள பெட்டியில் இன்னும் ஏழு வத்திகள் உள்ளன. ஏரிக்கரையைப் பற்றிச் சொன்ன மாணவியும் அவள் தோழியரும் பதிவேட்டின் முதல் ஏட்டை எழுதிக் கொணர்ந்துள்ளனர்; அதில் இதுவரை பதினொரு மணங்கள் குறிக்கப்பட்டுள்ளன. நூறு நிறைவுறும் நாளில் எஞ்சிய வத்திகளை வகுப்பறையில் ஏற்றுவதென உறுதி செய்திருக்கின்றோம். எஞ்சிய எண்பத்தொன்பதைத் தேடித்தருதல் இவ்விதழைப் படிக்கும் அன்பர்தம் கடனாகும்.